ஒரு விருந்தாளி, வீட்டுக் கணக்கில் எத்தனை நாள்?

கல்யாணத்துக்குச் செலவழிப்பதா, அந்தப் பணத்தை முதல் வீட்டுக்கு முன்பணமாகக் கட்டுவதா என்ற பேச்சு பெரும்பாலும் இரண்டே வாக்கியங்களில் முட்டிக்கொண்டு நின்றுவிடும். "ஒருநாள் கூத்துக்கு மீசையைச் சிரைப்பதா?" என்பார் ஒருவர். "வாழ்க்கையில் ஒரு தடவைதானே!" என்பார் மற்றவர். இரண்டிலும் எண் இல்லை. எண் இல்லாத பேச்சில் குரல் பெரிதாக இருப்பவர்தான் ஜெயிப்பார்.

கல்யாணச் செலவுக்கும் வீட்டுக்கும் பொதுவான அளவுகோல் ஒன்று உண்டு. அது பணமல்ல, மாதம். ஒரு செலவு வீட்டுச் சாவியை எத்தனை மாதம் தள்ளிப்போடுகிறது என்று கேட்டால் எது கொழுப்பு, எது எலும்பு என்று தெரிந்துவிடும். இந்தப் பதிவு முழுக்க அந்தக் கணக்குதான்.

முதலில் 100-க்கு மாற்றுங்கள்

இருவருக்கும் வரி, பிடித்தம் போக மாதாமாதம் கைக்கு வருவதைக் கூட்டி 100 என்று வையுங்கள். எந்த நாட்டுப் பணமாக இருந்தாலும் சரி, எவ்வளவு சம்பளமாக இருந்தாலும் சரி. மற்ற எல்லாத் தொகையையும் அந்த 100-ஐ வைத்து அளக்கப் போகிறோம்.

ஓர் உதாரணக் குடும்பம். வாடகை 20. சாப்பாடு, போக்குவரத்து, பெற்றோருக்குக் கொடுப்பது, இதர செலவு எல்லாம் சேர்த்து 45. மிச்சம் 35. வாங்க நினைக்கும் வீட்டின் விலை 5,000, அதாவது ஐம்பது மாத வருமானம். கடன் தருபவர் விலையில் 80 சதவீதம் தருவதாக வைத்துக்கொண்டால் கடன் 4,000, கையிலிருந்து 1,000.

இங்கேதான் பலர் கணக்கை முடித்துவிடுகிறார்கள். பதிவுக் கட்டணம், அரசுக்குக் கட்டும் வரி, பத்திரத்தைப் பார்க்கும் வக்கீலுக்குக் கூலி, கடன் கொடுப்பவர் வாங்கும் கட்டணம், மதிப்பீட்டுச் செலவு, தரகு, சாமான் ஏற்றி இறக்குவது என்று தனி வால் ஒன்று உண்டு. விகிதம் இடத்துக்கு இடம் மாறும். விலையில் 10 சதவீதம் என்று எழுதிவைத்துவிட்டு, உங்கள் இடத்து விகிதம் தெரிந்ததும் திருத்திக்கொள்ளுங்கள். நம் கணக்கில் அது 500. இந்த 500 பெரும்பாலும் கடனில் சேராது, ரொக்கமாகத்தான் போகும். இதற்கு மேல், வீடு வாங்கிய மறுநாள் வேலை போனால் தாக்குப்பிடிக்க ஒரு கையிருப்பு வேண்டும். தவணையும் சேர்ந்த செலவுக்கு, மூன்றரை மாதத்துக்கு 300. ஆக, வீட்டுக்குத் தேவையான ரொக்கம் 1,000 அல்ல, 1,800. மாதம் 35 சேர்ந்தால் 52 மாதம்.

கல்யாணம் 1,200 என்று திட்டம். அதை முடித்துவிட்டு வீட்டுக்குச் சேர்த்தால் மொத்தம் 3,000; 86 மாதம். கல்யாணத்தை 400-க்குள் முடித்தால் 63 மாதம். வித்தியாசம் 23 மாதம், கிட்டத்தட்ட இரண்டு வருஷம். (சேமிப்புக்கு வரும் வட்டியையும் வீட்டு விலை ஏற்றத்தையும் இதில் சேர்க்கவில்லை. முதல் கணக்குக்கு அவை வேண்டாம், குழப்பும்.)

சுருக்கமாக ஒரு வாய்ப்பாடு: கல்யாணத்தில் ஒவ்வொரு 100-ம் வீட்டை மூன்று மாதம் தள்ளும். உங்கள் சேமிப்பு 35 இல்லை, 20 என்றால் ஐந்து மாதம் தள்ளும். சேமிப்பு குறையக் குறைய கல்யாணத்தின் உண்மையான விலை ஏறும். குறைவாகச் சேமிக்க முடிகிறவர்கள் மீதுதான் கல்யாணம் அதிக பாரமாக விழுகிறது என்பதற்கு இதுவே காரணம், வேறு தத்துவம் எதுவும் இல்லை.

தலைக்கு இவ்வளவு

கல்யாணச் செலவில் இரண்டு வகை. வருகிற தலைகளின் எண்ணிக்கையோடு ஏறி இறங்குவது ஒன்று: சாப்பாடு, நாற்காலி, அழைப்பிதழ், தாம்பூலமோ பரிசுப் பையோ, வெளியூர்க்காரர்களுக்கு அறை, வண்டி. எத்தனை பேர் வந்தாலும் மாறாதது இன்னொன்று: துணிமணி, போட்டோ, வீடியோ, ஒப்பனை, மேடை அலங்காரம், ஒலி ஒளி. மண்டப வாடகை இரண்டுக்கும் நடுவில். அது படிக்கட்டு மாதிரி. நூறு பேர் மண்டபத்துக்கும் முன்னூறு பேர் மண்டபத்துக்கும் வாடகையில் பெரிய தாவல் இருக்கும். இருநூற்று எண்பதுக்கும் முன்னூறுக்கும் ஒன்றும் இருக்காது.

தலைக்கு 2 என்று வைப்போம். 300 பேர் என்றால் 600. மாறாத செலவு 500. கடைசி நேரத்துக்கு ஒதுக்கீடு 100. இதுதான் அந்த 1,200. இப்போது மாதக் கணக்கைப் பொருத்திப் பாருங்கள்: மாதச் சேமிப்பு 35, தலைக்கு 2. ஆகவே பட்டியலில் பதினேழு, பதினெட்டுப் பேர் சேர்ந்தால் வீடு ஒரு மாதம் தள்ளும். ஒரு விருந்தாளிக்கு ஒன்றே முக்கால் நாள். அப்பாவின் பழைய அலுவலகத்திலிருந்து முப்பத்தைந்து பேரைக் கூப்பிட வேண்டும் என்றால் அது இரண்டு மாத வாடகை வாழ்க்கை. கூப்பிடக் கூடாது என்று சொல்லவில்லை. சிலருக்கு அந்த முப்பத்தைந்து பேரும் இரண்டு மாதத்தை விடப் பெரியவர்கள். விலை தெரிந்து கூப்பிடுங்கள் என்பதுதான் விஷயம்.

பட்டியலைக் குறைப்பதில் வழக்கமாக நடக்கும் தவறு, எல்லா வட்டத்திலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டுவது. பெரியப்பா பிள்ளைகளில் இருவரை மட்டும் கூப்பிட்டு மூன்றாமவரை விட்டால் அந்த வருத்தம் வீட்டுக் கடனை விட நீண்ட நாள் ஓடும். வட்டம் வட்டமாக வெட்டுங்கள். அலுவலகம் முழுக்க இல்லை, அல்லது பெற்றோரின் நண்பர்கள் முழுக்க இல்லை. யாரும் தன்னை மட்டும் விட்டதாக நினைக்க மாட்டார்கள்.

மண்டபம் ஒரு படி இறங்கும் அளவுக்குக் குறைத்தால்தான் உண்மையான மிச்சம். 300-ஐ 260 ஆக்கினால் மிச்சமாவது 80. 300-ஐ 90 ஆக்கினால் தலைக்கணக்கில் 420 மிச்சம், கூடவே சின்ன இடம், அரை நாள் போட்டோ, எளிய மேடை என்று மாறாத செலவும் 500-லிருந்து 180-க்கு இறங்கும். 180, 180, ஒதுக்கீடு 40. மொத்தம் 400. நடுவில் நிற்கும் இருநூறு பேர் கல்யாணம் பல நேரம் மோசமான தேர்வு; பெரிய மண்டபத்தின் வாடகையும் கட்டியாக வேண்டும், மூன்றில் ஒரு பங்கு நாற்காலியும் காலியாகக் கிடக்கும்.

ஒப்பந்தம் பேசும்போது தவறுகிற இடங்கள் எல்லா ஊரிலும் ஒன்றேதான். சமையல்காரர் கல்யாணத்துக்குச் சில நாள் முன்பு உறுதி எண்ணிக்கை கேட்பார். அதற்குக் குறைவாக வந்தாலும் முழுப்பணம், கூடினால் கூடுதல் பணம். எனவே அழைத்த எண்ணிக்கையைச் சொல்லாமல், வருகிறேன் என்று உறுதி சொன்னவர்களின் எண்ணிக்கையைச் சொல்லுங்கள். பதில் சொல்லாதவர்களைப் போன் போட்டுக் கேட்கும் வேலைக்கு ஒரு ஆளை நியமித்துவிடுங்கள். கூச்சமில்லாத சித்தப்பா யாராவது இருப்பார். மண்டபத்தில் மின்சாரம், ஜெனரேட்டர், துப்புரவு, கூடுதல் மணிநேரம், வெளியாள் சமையல் கொண்டுவந்தால் கட்டணம், திரும்பக் கிடைக்கும் வைப்புத்தொகையில் என்னென்ன பிடிப்பார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். போட்டோகிராபரிடம் எத்தனை மணி நேரம், எத்தனை ஆள், ஆல்பத்தில் எத்தனை பக்கம், எத்தனை நாளில் தருவார், கூடுதல் பக்கத்துக்கு எவ்வளவு. தேதி தள்ளிப்போனால் முன்பணம் புதுத் தேதிக்குச் செல்லுமா, முற்றிலும் ரத்தானால் எவ்வளவு திரும்பும் என்ற இரண்டும் வேறு வேறு கேள்விகள். இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

எல்லாரும் கேட்கும் தேதியை விட்டு வாரநாளையோ கூட்டம் குறைந்த பருவத்தையோ எடுத்தால் மண்டபம், போட்டோ, அறை வாடகை என்று எல்லாவற்றிலும் பேரம் பேச இடம் கிடைக்கும். வாரநாள் என்றால் வருகையும் தானாகக் குறையும். இரண்டு பக்கமும் மிச்சம்.

எந்த வரிசையில்?

கல்யாணமா வீடா என்பதை விட, எது முதலில் என்பது நல்ல கேள்வி. இதற்குப் பலரும் சொல்லும் பதில் "முதலில் வீடு, கல்யாணம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்." கணக்குப் போட்டால் அது எப்போதும் சரியாக வராது.

கடன் 4,000, வட்டி 9 சதவீதம், 20 ஆண்டு என்றால் மாதத் தவணை 36. வீடு வாங்கிய பிறகு வாடகை 20 போய்த் தவணை 36 வரும். பராமரிப்பு, சொத்துவரி, காப்பீடு என்று ஆண்டுக்கு வீட்டு விலையில் 1 சதவீதம் ஒதுக்கினால் மாதம் 4. ஆக மிச்சம் 35 இல்லை, 15. அதில் 400 சேர்க்க 27 மாதம். வீட்டுக்கு 52, கல்யாணத்துக்கு 27, இரண்டும் முடிய 79 மாதம். அதே சின்னக் கல்யாணத்தை முதலில் முடித்தால்? 63 மாதத்தில் இரண்டும் முடிந்துவிடும். வீடு 11 மாதம் தாமதம், அவ்வளவுதான். வீட்டுக்குப் பிறகு அந்த 1,200 கல்யாணத்தைச் சேமித்தே செய்ய வேண்டுமென்றால் 80 மாதம் ஆகும். நடைமுறையில் அப்படிக் காத்திருப்பவர் இல்லை, கடன்தான் வாங்குவார்.

இன்னொரு விஷயம் இந்தக் கணக்கையே புரட்டிப்போடும். கல்யாணத்துக்கு முன் இருவரும் தனித்தனி வாடகை கொடுக்கிறார்கள் என்றால் 20 இல்லை, 40 போகிறது. சேமிப்பு 15 தான். கல்யாணம் ஆனவுடன் அது 35 ஆகும். அப்படிப்பட்டவர்களுக்குச் சின்னக் கல்யாணம் செலவே இல்லை என்று கூடச் சொல்லலாம்: மிச்சமாகும் வாடகையிலேயே 20 மாதத்தில் 400 திரும்பி வந்துவிடும். இருவரும் பெற்றோர் வீட்டில் வாடகையில்லாமல் இருந்தால் நேர் எதிர். கல்யாணம் ஆனதும் வாடகை புதிதாக முளைக்கும், அதுவரை சேமிப்பு வேகமாக ஏறும். இவர்கள் வீட்டுப் பணத்தில் பெரும்பகுதியைக் கல்யாணத்துக்கு முன்பே சேர்த்துவிடுவது புத்திசாலித்தனம்.

எனவே என் தீர்ப்பு: கல்யாணம் சின்னதென்றால் முதலில் கல்யாணம். பெரியதாகத்தான் வேண்டும் என்றால் வீடு தள்ளிப்போகும் மாதத்தைக் கண்ணால் பார்த்து, இருவரும் ஒப்புக்கொண்ட பிறகு அதுவும் முதலில். வீட்டுக்குப் பிறகு பெரிய கல்யாணம் என்ற வரிசை மட்டும் வேண்டாம்.

"வாடகை வீண் பணம்" என்ற அவசரத்தையும் கொஞ்சம் தட்டிவைக்க வேண்டும். மேலே சொன்ன கடனில் முதல் மாதத் தவணை 36-ல் 30 வட்டிக்குப் போகிறது, அசலில் 6 தான் கழிகிறது. வாடகை 20. முதல் சில ஆண்டுகளில் வட்டிக்காரருக்குக் கொடுப்பது வீட்டுக்காரருக்குக் கொடுத்ததை விட அதிகம். வீடு வாங்குவது தப்பு என்பதல்ல இதன் பொருள். ஆறு மாதம் தாமதமானால் குடி முழுகிவிடாது என்பதுதான். அதோடு வாங்கும்போது போன அந்த 500, விற்கும்போது போகும் தரகு, வரி எல்லாம் திரும்பாத பணம். நான்கைந்து ஆண்டில் வேலை நிமித்தம் ஊர் மாற வாய்ப்பு உண்டென்றால், விலை நன்றாக ஏறினால்தான் அசல் கையில் வரும். புதிதாகக் கல்யாணமானவர்களுக்கு எந்த ஊர், யார் வேலைக்குப் பக்கம், யார் பெற்றோருக்குப் பக்கம், எத்தனை அறை என்பதெல்லாம் முதல் ஒன்றிரண்டு வருஷத்தில்தான் தெளிவாகும். அந்தத் தெளிவுக்காக வாடகை கொடுப்பது வீண் இல்லை.

கடன் வாங்கிக் கல்யாணம்: இங்கேதான் வீடு உடைகிறது

கல்யாணம் பெரிதாக இருப்பது கூடப் பரவாயில்லை. கடனில் நடப்பதுதான் ஆபத்து. காரணம் வட்டி மட்டுமல்ல.

800-க்குத் தனிநபர் கடன், 14 சதவீதம், 5 ஆண்டு. மாதத் தவணை 18.6. மொத்தம் கட்டுவது 1,117. வட்டி 317 என்பது வலிதான், ஆனால் தெரிந்த வலி. தெரியாத வலி வேறு. வீட்டுக் கடன் கொடுப்பவர், எல்லாத் தவணையும் சேர்த்து வருமானத்தில் ஒரு வரம்புக்குள் இருக்க வேண்டும் என்பார். 40 சதவீதம் வரம்பு என்று வைப்போம். வேறு கடன் இல்லாவிட்டால் 40 தவணைக்கு 4,446 கடன் கிடைக்கும். கல்யாணக் கடன் தவணை 18.6 ஓடிக்கொண்டிருந்தால் மிச்சம் 21.4; அதற்கு 2,377 தான் கிடைக்கும். 800 கடன், வீட்டுக் கடன் தகுதியில் 2,070-ஐத் தின்றுவிட்டது! தனிநபர் கடன் குறுகிய காலத்தில் திரும்ப வேண்டியது, அதனால் தவணை கொழுத்திருக்கும். தகுதி பார்ப்பவர் பார்ப்பது தவணையை, பாக்கித் தொகையை அல்ல. "கல்யாணக் கடன் சின்னதுதானே, வீட்டுக் கடனோடு சேர்த்துக் கட்டிக்கொள்ளலாம்" என்பவர்கள் சறுக்குவது இந்த இடத்தில்.

வட்டியில்லாத் தவணை என்று விற்கப்படுவதும் தவணைதான். நகைக்கோ துணிக்கோ தேன்நிலவுக்கோ கிரெடிட் கார்டில் பன்னிரண்டு மாதமாகப் பிரித்தால் அதுவும் இந்தக் கணக்கில் ஏறும். கார்டு வரம்பில் பெரும்பகுதி நிரம்பி நின்றால் கிரெடிட் ஸ்கோரும் (கடன் கொடுப்பவர் உங்கள் நம்பகத்தை அளக்கப் பார்க்கும் மதிப்பெண்) இறங்கலாம். வீட்டுக் கடனுக்கு விண்ணப்பிக்கும் முன் சில மாதங்களாவது கார்டு பாக்கியைத் துடைத்து வையுங்கள். அந்தச் சமயத்தில் புதுக் கடனோ புதுக் கார்டோ கேட்காதீர்கள். முடிந்தால் வேலையும் மாறாதீர்கள்.

சிறிய, ஆனால் அடிக்கடி காலை வாரும் விஷயம் ஒன்று. கடன் கொடுப்பவர் கடந்த சில மாத வங்கிக் கணக்குப் பட்டியலைக் கேட்பார். கல்யாண மாதத்தில் அன்பளிப்பாக வந்த தொகைகள் திடீர் வரவாகவும் மண்டபத்துக்கும் சமையலுக்கும் கொடுத்தது திடீர் செலவாகவும் அதில் தெரியும். ஒவ்வொன்றுக்கும் விளக்கம் கேட்பார்கள். கல்யாணத்துக்குத் தனிக் கணக்கு திறந்து, வரவு செலவு எல்லாம் அதிலேயே நடத்துங்கள். பெற்றோர் வீட்டுக்காகப் பணம் கொடுத்தால் அது திரும்பத் தர வேண்டாத பணம் என்று ஒரு தாளில் எழுதி வாங்கிவிடுங்கள். இல்லையென்றால் அதையும் கடனாகக் கணக்கில் சேர்க்கக்கூடும்.

பெற்றோர் பணம் என்றதும் இன்னொன்று. "கல்யாணத்துக்குத்தான் தருவோம், வீட்டுக்கு இல்லை" என்பவர்களின் பணம் உங்களுடைய தேர்வில் சேராது. அதை வீட்டுக் கணக்கில் கற்பனையாகப் போட்டுப் பார்ப்பது வீண். ஆனால் கேட்கத் தயங்கக் கூடாத மூன்று கேள்விகள்: எவ்வளவு, எந்தத் தேதியில் கைக்கு வரும், எங்கிருந்து வருகிறது? கடைசிக் கேள்விக்குப் பதில் அவர்களுடைய ஓய்வுக்காலச் சேமிப்பு என்றால், இன்னும் பத்து வருஷத்தில் அந்தப் பாரம் உங்கள் 45-க்குள் வந்து உட்காரும். அப்போது தவணை 36 இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். வரப்போகும் அன்பளிப்பை நம்பிச் செலவைக் கூட்டுவதும் இதே ரகம். பணம் கல்யாண நாளில் வரும். பாக்கி கேட்பவர்கள் அதற்கு முன்பே வருவார்கள்.

தேதிகள் மோதும்போது

வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார் என்று சொன்ன பெரியவர்கள் இரண்டையும் ஒரே வருஷத்தில் பார் என்று சொல்லவில்லை. கல்யாணத்துக்கான பாக்கியில் பெரும்பகுதி கடைசி இரண்டு வாரத்தில்தான் கேட்கப்படும். வீட்டுக்கும் முன்பதிவு, ஒப்பந்தம், பதிவு நாள் என்று பணம் கொத்துக் கொத்தாகப் போகும். இரண்டுக்கும் நடுவே குறைந்தது ஆறு மாதம் விடுங்கள். ஆறு மாதம் ஏன் என்றால், கல்யாண அலைச்சலும் கணக்குப் பட்டியலின் குழப்பமும் அதற்குள் அடங்கிவிடும்.

கட்டிக்கொண்டிருக்கும் வீட்டை வாங்குகிறவர்கள், சாவி தருவதாகச் சொன்ன தேதியை நம்பிக் கல்யாணத் தேதி குறிக்காதீர்கள். தாமதமானால் வாடகையும் போகும், அதுவரை எடுத்த கடனுக்கு வட்டியும் போகும்.

கடன் அளவை நம்பிக் கல்யாணத்துக்கு வாரி இறைத்தவர்களைச் சாய்ப்பது மதிப்பீடு. 5,000-க்குப் பேசிய வீட்டைக் கடன் கொடுப்பவரின் மதிப்பீட்டாளர் 4,700 என்று எழுதினால் 80 சதவீதம் என்பது 4,000 அல்ல, 3,760. இடைவெளி 240-ஐ ரொக்கமாகப் போட வேண்டும். ஏழு மாதச் சேமிப்பு. விற்பவரிடம் பேசி விலையைக் குறைக்கப் பாருங்கள். குறையவில்லை என்றால் அந்தக் கையிருப்பு 300-ல் கைவைக்கத் தோன்றும். வைத்தால், அடுத்து வட்டி ஏறும்போது பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்காது.

வட்டி மாறும் கடனாக இருந்தால் அது ஏறும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 9 சதவீதம் 10 ஆனால், தவணையை மாற்றாமல் காலத்தை நீட்டினால் 20 ஆண்டு 26 ஆண்டாகும். 11 ஆனால் நீட்டவே முடியாது. மாத வட்டியே 36.7 ஆகிவிடும், 36 கட்டினால் அசல் குறையாமல் ஏறும். தவணையை 41-க்கு உயர்த்தியே தீர வேண்டும். அந்த 5 எங்கிருந்து வரும் என்று வாங்கும் முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

சேர்க்கும் பணத்தை எங்கே வைப்பது என்பதில் சுருக்கமாக: மூன்று வருஷத்துக்குள் தேவைப்படும் எதையும் பங்குச் சந்தையில் வைக்காதீர்கள். வைப்புத்தொகையின் முதிர்வுத் தேதியை மண்டபப் பாக்கித் தேதிக்கும் பதிவு நாளுக்கும் முன்னால் வருமாறு பிரித்துப் போடுங்கள். ஒரே பெரிய வைப்பாகப் போட்டுவிட்டுப் பாதியில் உடைத்தால் வட்டியில் வெட்டு விழக்கூடும்.

கல்யாணத்துக்கு முன்பே இருவர் பெயரிலும் வீடு வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. யார் எவ்வளவு முன்பணம் போட்டார், தவணையை யார் எந்த விகிதத்தில் கட்டுவார், பத்திரத்தில் பங்கு எவ்வளவு, பிரிய நேர்ந்தால் யார் யாருடைய பங்கை எந்த விலைக்கு எடுப்பார், ஒருவர் இறந்தால் பங்கு யாருக்கு, இதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். கணவன் மனைவிக்குச் சட்டம் தரும் பாதுகாப்பு நிச்சயமான ஜோடிக்குப் பல இடங்களில் கிடையாது. கடன் பத்திரத்தில் இருவரும் கையெழுத்துப் போட்டால் ஒருவர் விலகினாலும் மற்றவர் முழுக் கடனுக்கும் பொறுப்பாவார். பேச அசிங்கமாகத்தான் இருக்கும். வக்கீல் எதிரில் உட்கார்ந்து பேசினால் அசிங்கம் பாதியாகும்.

ஆறு மாத ஒத்திகை

இத்தனை எண்ணும் தாளில்தான். உடம்புக்குத் தெரிய வேண்டுமானால் ஆறு மாதம் வீடு வாங்கியவர்களைப் போல வாழ்ந்து பாருங்கள். தவணை 36, பராமரிப்பு 4, ஆக 40. வாடகை 20 போக மிச்சம் 20-ஐச் சம்பளம் வந்த அன்றே, எடுக்க முடியாத தனிக் கணக்குக்குத் தள்ளுங்கள். வட்டி ஏறினால் தாங்குமா என்று பார்க்க 25 ஆகத் தள்ளிப் பாருங்கள். நான்காவது மாதத்தில் அந்தக் கணக்கை உடைக்க வேண்டிவந்தால் 5,000 வீடு உங்களுக்குப் பெரியது, 4,000-க்குத் தேடுங்கள். உடையாமல் ஓடினால் ஆறு மாதத்தில் 120 முதல் 150 கையில் இருக்கும், சின்னக் கல்யாணத்தில் மூன்றில் ஒரு பங்கு.

கல்யாணம் முடிந்த மறுவாரம் மண்டப வைப்புத்தொகை திரும்பி வந்ததா, ஆல்பப் பாக்கி எவ்வளவு என்று பார்த்துத் தனிக் கணக்கை மூடிவிடுங்கள். மூடாமல் விட்டால் "இன்னும் ஒன்றிரண்டு கல்யாணச் செலவு" என்ற பெயரில் ஒரு வருஷம் ஒழுகிக்கொண்டே இருக்கும். மிஞ்சியதை வீட்டுக் கணக்குக்கு மாற்றி, அன்றைக்கே மாதம் 35 தானாகப் போகும்படி வங்கியில் எழுதிக்கொடுத்துவிடுங்கள்.